டிரையர் ரிப்பேர், சுங்கை சிப்புட், மலேசியா: நாலு நட்சத்திரம் தருகிறேன், ஐந்து தர மனமில்லை

டிரம் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, நேரமும் ஓடுகிறது, ஆனால் ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் துணி போட்ட ஈரத்தோடு சில்லென்று கிடக்கிறது. எங்கள் வீட்டு டிரையருக்கு வந்த நோய் இதுதான். 7 கிலோ, சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற சாதாரண ரகம், வாங்கி நாலு வருஷம், கேரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

டிரையர் எதற்கு, வெயில் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: தோட்டத்து லயத்தில் இருந்தவரைக்கும் கொடி கட்ட இடம் இருந்தது, மழை வந்தால் பக்கத்து வீட்டு அக்காவே எடுத்து உள்ளே போட்டுவிடுவார். தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்த பிறகு கார் நிற்கிற இடம்தான் கொடி. அக்டோபர், நவம்பர் மாதங்களில் தினமும் சாயங்காலம் கொட்டும் மழையில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சீருடை காய்ந்தபாடில்லை.

முதலில் நானே பார்த்தேன். அத்தை திருகியதில் குமிழ் குளிர்காற்றுப் பக்கம் போயிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பஞ்சு வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டினேன், பயனில்லை. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் "மெயின் பாக்ஸில் ஒரு பக்கம் டிரிப் ஆகியிருக்கும்" என்று அடித்துச் சொன்னார். அதை நம்பி நானும் அரை மணி நேரம் மெயின் பாக்ஸை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அவர்கள் ஊர்க் கதை. அமெரிக்காவில் டிரையருக்கு இரண்டு லைன் வருகிறது, மோட்டார் ஒன்றிலேயே ஓடிவிடும், ஹீட்டருக்கு மட்டும் இரண்டும் வேண்டும், அதனால் ஒன்று போனால் டிரம் சுற்றும், சூடு வராது. நம் வீட்டில் 13 ஆம்பியர் பிளக்கில் ஒரே லைன்தான், போனால் எல்லாமே போகும். டிரம் சுற்றுகிறது என்றால் கரண்டைக் குறை சொல்ல முடியாது, கோளாறு பெட்டிக்குள்ளேதான்.

அடுத்து ஆள் தேடும் படலம். ஈப்போவில் இருக்கிற சர்வீஸ் சென்டரில் வந்து பார்ப்பதற்கே தனிக் காசு, அதுவும் அடுத்த வாரம் என்றார்கள். தெரிந்தவர் சொன்ன இன்னொரு ஆள் வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பியூஸ் போச்சு, டைரக்ட் கொடுத்துடவா? 30 வெள்ளி (ரிங்கிட்) போதும்" என்றார். டைரக்ட் என்றால் பியூஸைத் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிடுவது. சூடு மிஞ்சினால் ஹீட்டரை நிறுத்துவதற்கென்றே வைத்த பொருள் அது. சுற்றிலும் பஞ்சு அடைந்து கிடக்கிற பெட்டியில் அதை எடுத்துவிட்டு, சமையலறைக்குப் பக்கத்தில் ஓடவிடச் சொல்கிறார்! வேண்டாம் அண்ணே என்று ஒரு காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உங்களிடமும் யாராவது டைரக்ட் என்று ஆரம்பித்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம்தான் இந்தக் கடை. பெயர்ப்பலகை பாதி அழிந்துபோன, வாசலில் பழைய காற்றாடிகளாகக் குவிந்திருக்கிற கடை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். அங்கிளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்றாம் நாள் வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டர் வைத்து ஹீட்டரைப் பார்த்தார், 25 ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது. 2,000 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கிற ஹீட்டருக்கு அது சரியான கணக்கு, கம்பி அறுந்திருந்தால் முள் அசையவே அசையாது. தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன பியூஸ்தான் செத்திருந்தது. தெர்மோஸ்டாட் சூடானால் வெட்டி, ஆறினால் திரும்பச் சேர்ந்துகொள்ளும். எங்கள் மிஷினில் இருக்கிற பியூஸ் ஒருமுறை வெட்டினால் அவ்வளவுதான், மாற்றத்தான் வேண்டும். மாற்றினார், சூடு வந்தது. பொருளும் கூலியும் சேர்த்து 65 வெள்ளி. இதுவரைக்கும் ஐந்து நட்சத்திரம்.

பத்தே நாள். மறுபடியும் சில்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே இதை எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம்தான் கிடைத்திருக்கும். போன் செய்தேன், அங்கிள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அன்று சாயங்காலமே வந்தார். இந்தத் தடவை மிஷினைத் தொடுவதற்கு முன்பே, "துணி காய எவ்வளவு நேரம் ஆகும் முன்னெல்லாம்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் முதல் தடவை கெட்டுப்போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒரு சுற்றில் காயாமல் இரண்டு சுற்று ஓட்டிக்கொண்டிருந்தேன், பெட்டியின் மேல்தகடும் கை வைக்க முடியாமல் சுடும். துண்டு தடிமன் என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிஷினை முன்னால் இழுத்தால் பின்னாலிருந்த குழாய் சுவரோடு நசுங்கி, அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. உள்ளே கையை விட்டால் போர்வை நெய்கிற அளவுக்குப் பஞ்சு. ஹரி ராயா விடுமுறையில் வீட்டைக் கழுவியபோது நாங்களே தள்ளி வைத்ததுதான். காற்று போக வழி இல்லை, சூடு ஹீட்டரைச் சுற்றியே தங்குகிறது, தெர்மோஸ்டாட் வெட்டி வெட்டிச் சேர்கிறது, கடைசியில் பியூஸ் உயிரை விடுகிறது. புது பியூஸும் அதே வழியில்தான் போயிருக்கிறது.

அங்கிள் சின்ன வயதில், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் வேலை பார்த்தவராம். "நெருப்பு மட்டும் இருந்தா ஷீட் காயாதும்மா, ஈரக்காத்து மேல போக வழி விடணும். அடைச்சா ஷீட்ல பூசணம் பிடிக்கும்" என்றார். எவ்வளவு சரியான பேச்சு! இதே பேச்சை முதல் தடவை வந்தபோது பேசியிருந்தால் எனக்கு இரண்டாவது பியூஸ் செலவு மிஞ்சியிருக்கும் அங்கிள். இதற்குத்தான் அந்த ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். பியூஸ் ஏன் போனது என்று பார்க்காமல் பியூஸை மட்டும் மாற்றுவது அரை வேலை. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிற முகத்தைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் தடவை கூலி வாங்கவில்லை, பியூஸுக்கும் புதுக் குழாய்க்கும் மட்டும் 40 வெள்ளி. குழாயைக் குட்டையாக வெட்டி, வளைவில்லாமல் ஜன்னல் பக்கம் நேராக விட்டிருக்கிறார், மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இப்போது மூன்று மாதமாக ஒரே சுற்றில் காய்கிறது.

ரசீது கேட்டால் காலண்டர் தாளைக் கிழித்து எழுதித் தருகிறார், வேலைக்கு கேரண்டி உண்டா என்றால் சிரிக்கிறார். போவதென்றால் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் கடையில் ஆள் இருப்பதில்லை. வாட்ஸ்அப் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது.