விலையைக் கூட்டின சாப்பாட்டுக் கடையா, அளவைக் குறைச்ச கடையா, எது நேர்மை? 2022 கொழும்பு அனுபவம்

நாட்டில காசுத்தட்டுப்பாடு வந்தா சனம் கடைச் சாப்பாட்டை விட்டுட்டு வீட்டில சமைக்கும் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். 2022ல இலங்கையில எங்களுக்கு அதுக்கும் வழி இல்ல, வீட்டில அடுப்பெரிக்க காஸே இல்லையே. வெள்ளவத்தையில மாடிவீட்டில விறகு எங்க மூட்டுறது, மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் கட் வேற, ரைஸ் குக்கரும் சும்மா கிடந்துது. கையில காசு இல்லாத நேரத்திலதான் கடையில விக்கிற மத்தியானச் சோத்துப் பார்சலை நம்பி இருந்தனாங்கள்.

கடைக்காரருக்கும் லேசில்ல. 2021 ஒக்டோபருக்கு முந்தி 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1500 ரூபாய்க்குள்ள, 2022 ஏப்ரல் கடைசியில 4860. டொலர் 200ல இருந்து 350க்கு மேல ஏற மா, பருப்பு எல்லாம் கூடவே ஏறிச்சுது, செப்டெம்பரில கொழும்பில உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

சில கடையள் விலையை அப்பிடியே வச்சு அளவைக் குறைச்சுதுகள். முதல்ல சனம் அங்கதான் ஓடினது, நானும்தான். பார்சலைப் பிரிச்சா சோறு பாதி, பருப்பு தண்ணி, மீன்துண்டு ரெண்டு விரல் அகலம். கூலி வேலை செய்யிற ஆள் இதைத் திண்டுட்டு பின்னேரம் வரைக்கும் மூட்டை தூக்கேலுமா? இன்னொரு பார்சல் வாங்கினா அது மலிவே இல்ல. கடைக்கும் பெரிய மிச்சம் இல்ல எண்டுதான் நினைக்கிறன், ஏனெண்டா குறையிறது சோறும் கறியும் மட்டும், காஸ், வாடகை, சமையல்காரற்ற சம்பளம், சுத்திற பேப்பர் எல்லாம் சின்னப் பார்சலுக்கும் அதே செலவுதானே.

விலையைக் கூட்டின கடையில முதல் நாள் எனக்கு சரியான கோவம். ஆனா பார்சல் பழைய பார்சல், வேலைத்தலத்தில நானும் ஒரு அக்காவும் ஒண்டை வாங்கி ரெண்டாப் பிரிச்சு சாப்பிட்டனாங்கள், பாதிக் காசு பாதிச் சோறு, என்ன வாங்கிறம் எண்டு தெரிஞ்சு வாங்கினம். எனக்கு இதுதான் நேர்மையாப் பட்டுது.

எல்லாத்தையும் விட நல்லாச் செய்தது, கொத்து ரொட்டியையும் ஃபிரைட் ரைஸையும் நிப்பாட்டிப்போட்டு பின்வளவில விறகில சோறும் மூண்டு கறியும் மட்டும் ஆக்கின கடையள்தான். கொத்துத்தட்டு சூடா நிக்க எவ்வளவு காஸ் போகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதுகளும் விலை கூட்டினதுதான், ஆனா குறைவா.

விலை கூட்டின கடையளில எனக்கு ஒரு குறை இருக்கு. ஓகஸ்டில காஸ் விலை இறங்கிச்சுது, போர்டில இருந்த விலை இறங்கேல்ல. அந்த நேரம் விட்டுட்டுப் போகாம வாங்கின சனத்துக்கு ஒரு கறியாவது கூடப் போட்டிருக்கலாம்.