அணையை உடைப்பதா, சுற்றி வாய்க்கால் வெட்டுவதா? பெனாப்ஸ்காட் ஆற்றின் மூன்று வழிகள்

அணை மறித்த ஆற்றில் மீன் மேலே போக வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. அணையையே எடுத்துவிடலாம், மீனைத் தொட்டியில் ஏற்றித் தூக்கிவிடும் லிஃப்ட் வைக்கலாம், இல்லையென்றால் அணையைச் சுற்றி ஓடை மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டிவிடலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓடும் பெனாப்ஸ்காட் ஆற்றுப் படுகையில் இந்த மூன்றையும் சில வருடங்களுக்குள் அடுத்தடுத்துச் செய்தார்கள். பெனாப்ஸ்காட் பழங்குடியினர், மின் நிறுவனம், அரசு, இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் எல்லோரும் 2004இல் போட்ட ஒப்பந்தத்தின்படி நடந்தது இது. மூன்று அணைகளை விலைக்கு வாங்கி, மின்சாரம் குறையாமல் இருக்க மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டிக்கொள்வது என்று ஏற்பாடு.

முதலில் உடைத்த கதை. கிரேட் வொர்க்ஸ் அணை 2012இல் போனது, கடலுக்கு மிக அருகிலிருந்த வீஸி 2013இல். உடைக்கும்போது வண்டல் கலங்கும், தேக்கம் வற்றியதும் கரை கொஞ்ச காலம் சேறாகக் கிடக்கும், உண்மைதான். ஆனால் தேங்கிச் சூடேறிய தண்ணீர் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது, கல்லும் கூழாங்கல்லும் வெளியே தெரிகின்றன, சால்மன் முட்டையிட இப்படிப்பட்ட இடம்தான் வேண்டும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஏறத் தெரியாத மீன்களுக்குக் கிடைத்த வழி. ஸ்டர்ஜன், டாம்காட், ஸ்மெல்ட் போன்றவை, அணையில் படிபடியாகக் கட்டும் மீன் ஏணி எதிலும் சரியாக ஏறாது. வீஸி போனபிறகு ஸ்டர்ஜன் பழையபடி மேலே வந்தது. மீன் ஏணி ஒன்றைக் கட்டியிருந்தால் இது நடந்திருப்பது கடினம்.

அடுத்தது மில்ஃபோர்ட் அணை, இதில் மின்சாரம் எடுக்கிறார்கள், அதனால் உடைக்கவில்லை. 2014இல் புது லிஃப்ட் வந்தது. ஒரு காலத்தில் சில ஆயிரமாகக் குறைந்துபோயிருந்த ஆற்று ஹெர்ரிங், 2018இல் இதன் வழியாக 20 லட்சத்துக்கு மேல் ஏறியது. கீழே இரண்டு அணைகள் போனதும், மேலுள்ள ஏரிகளில் மீன் கொண்டுபோய் விட்டதும் சேர்ந்து வந்த பலன் அது, லிஃப்டுக்கு மட்டும் பெயர் கொடுக்கக்கூடாது. லிஃப்ட் ஓர் இயந்திரம், இயக்கிப் பராமரித்தால்தான் ஓடும். வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் சால்மன் அணைக்கு அடியில் நாள்கணக்கில் சுற்றுகிறது. முட்டையிடப் போகும் மீன் வழியில் அதிகம் சாப்பிடாது, உடம்பில் சேர்த்த கொழுப்பில்தான் ஓட்டுகிறது, அதனால் ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்புதான்.

இனி வாய்க்கால். கிளை ஆறான பிஸ்காடாக்விஸில் இருக்கும் ஹவ்லண்ட் அணையை உடைத்திருக்கலாம், ஆனால் தேக்கம் வேண்டும் என்று ஊர் கேட்டது. அதனால் பழைய தோல் தொழிற்சாலை இருந்த இடத்தின் வழியாக, சுமார் 300 மீட்டர் நீளத்துக்குக் கல் பதித்து, சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒரு ஓடையே செய்துவிட்டார்கள். மோட்டார் கிடையாது, ஆள் காவல் கிடையாது, விலாங்கிலிருந்து சால்மன் வரை அவரவர் வேகத்தில் ஏறலாம், பூச்சிகளும் சிறு மீன்களும் அதிலேயே வசிக்கவும் செய்யும். ஷாட் என்ற மீன் நம்ம உல்லம் (ஹில்சா) மீனுக்கு உறவு, ஏணி என்றாலே மிரளும். அதற்கும் இப்படி அகலமான வழிதான் ஓரளவு தோது. (1934இல் மேட்டூர் வந்தபின் காவிரியில் உல்லம் அருகிப்போனதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.)

பலரும் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு, மீன் மேலே போனால் போதாது, குஞ்சுகள் கீழே வந்து சேர வேண்டும். ஹவ்லண்டில் டர்பைனை நிறுத்திவிட்டதால் வாய்க்காலோ அணை மேலே வழியும் தண்ணீரோ, எதில் வந்தாலும் சக்கரத்தில் சிக்காது. டர்பைன் ஓடும் அணையில் வாய்க்கால் மட்டும் வெட்டினால் இந்தப் பலன் வராது. நீளமான விலாங்கு கடலுக்குத் திரும்பும்போது டர்பைன் இலையில் அடிபடுகிற வாய்ப்பு மிக அதிகம்.

வாய்க்கால் தீர்க்காத விஷயங்களும் இருக்கின்றன. தேக்கம் அப்படியே இருக்கும், அதனால் சூடும் வண்டலும் இருக்கும், தேங்கிய நீரில் குஞ்சுகளைத் தின்னும் மீன்களும் இருக்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் குறைவாக விட்டால் மீன் அதன் வாயைக் கண்டுபிடிக்காது, கூடுதலாக விட்டால் அணைக்குக் கீழே பழைய ஆற்றுப்படுகை காயும். வேண்டாத மீன் இனங்களும் அதே வழியில் ஏறிவிடலாம்.

எனவே என் கணக்கு இது: உடைக்க முடிந்தால் உடைத்துவிட வேண்டும். முடியாத இடத்தில் மின்சாரத்தை நிறுத்த ஊர் ஒப்புக்கொண்டால் வாய்க்கால்தான் சரி, லிஃப்ட் கடைசிதான். ஆனால் பெனாப்ஸ்காட்டில் மேலே இருக்கும் ஹவ்லண்ட் வாய்க்காலுக்குக் கடலிலிருந்து வரும் மீன் பெரும்பாலும் முதலில் மில்ஃபோர்ட் லிஃப்டில் ஏறி வந்தவைதான். அங்கே நின்றுபோன சால்மனுக்கு ஹவ்லண்டில் எவ்வளவு நல்ல ஓடை இருந்தும் பயனில்லை, அந்த சால்மன் இன்னும் அமெரிக்காவின் அழியும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது.