வக்கீல் பீஸ்: மொத்தமாகவா, வாய்தாவுக்கா, கட்டம் கட்டமாகவா?

தமிழ்நாட்டில் வழக்குக்கு வக்கீல் பீஸ் நான்கு விதமாகப் பேசப்படுகிறது: மொத்தமாக ஒரு தொகை, வாய்தாவுக்கு இவ்வளவு, கட்டம் கட்டமாக, கிடைக்கிற பணத்தில் சதவீதம்.

சதவீதத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் "இப்ப ஒண்ணும் தர வேண்டாம், வர்றதுல இருபது பர்சன்ட் குடுங்க" என்பது சகஜமான பேச்சு. ஆனால் வழக்கின் முடிவை வைத்து பீஸ் பேசுவதையும், வரும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் 20ஆம் விதி தடுக்கிறது. தெலங்கானாவில் ஒரு விபத்து இழப்பீட்டில் இப்படி வாங்கிய காசோலையை வைத்து வக்கீல் போட்ட செக் கேஸை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விபத்தில் கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம் இப்படிப் பங்கு பேசுவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

மொத்தத் தொகை, தொடக்கமும் முடிவும் தெரிந்த வேலைக்குச் சரி. வக்கீல் நோட்டீஸ், கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே போடும் மனு), ஜாமீன், பரஸ்பர சம்மத விவாகரத்து எல்லாம் இந்த ரகம். ஆண்டுக்கணக்கில் நீளும் நில வழக்குக்கு இது ஆகாது. முதல் ஆண்டிலேயே பணம் முழுதும் போய்விடும். சாட்சி விசாரணை வரும்போது வழக்குக் கட்டு ஜூனியர் கைக்கு மாறியிருக்கும். போதாததற்கு, "மொத்தம்" என்பதில் இடைக்கால மனுவும் நிறைவேற்று மனுவும் (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்பது) சேர்த்தியா என்ற தகராறும் கிளம்பும்.

வாய்தாக் கணக்கு முதல் நாள் மலிவாகத் தெரியும். ஒரு வாய்தாவுக்கு 1,500 ரூபாய், 40 வாய்தா என்று வைத்தால் 60,000. நீதிபதி விடுப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது என்று வெறுமனே தள்ளிப்போன நாட்களும் அந்த நாற்பதில் அடக்கம். இந்த முறையில்தான் பேசுகிறீர்கள் என்றால், வழக்கில் ஏதாவது நடந்த நாளுக்கு மட்டுமே பணம் என்று முடிவு செய்யுங்கள். சரிபார்ப்பதும் எளிது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை, நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் போட்டு, விசாரணைத் தேதிமேல் தட்டினால் அன்று என்ன நடந்தது என்ற குறிப்பு வரும்.

நீண்ட வழக்குக்கு எங்கள் தேர்வு கட்டம் கட்டமாகக் கொடுப்பதுதான். அதே 60,000ஐ இப்படிப் பிரிக்கலாம்: பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) தாக்கலுக்கு 12,000, இடைக்கால மனுவில் உத்தரவு வரும்போது 8,000, உங்கள் தரப்பு சாட்சியப் பிரமாணம் (எழுத்தில் தரும் சாட்சியம்) தாக்கலாகும்போது 10,000, எதிர்த்தரப்பு சாட்சியின் குறுக்கு விசாரணை முடிந்ததும் 20,000, வாதத்துக்கு 10,000. தொகை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பெரிய பங்கு குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும், ஏனென்றால் வழக்கு பெரும்பாலும் வெல்வதும் தோற்பதும் அங்கேதான். இடையில் சமரசமானால் மீதிக் கட்டங்களுக்குப் பணம் உண்டா என்பதையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

கோர்ட்டுக்குக் கட்டும் கோர்ட் பீஸ் தனிச் செலவு. பணம் வசூல் வழக்கில் கோரும் தொகைக்கு 3 சதவீதம். 2017க்கு முன் அது 7.5 ஆக இருந்தது. 10 லட்சம் கேட்டால் 30,000 கட்ட வேண்டும். சமரசத்தில் முடிந்தால் இதைத் திரும்பப் பெற வழி உண்டு; கோர்ட்டுக்கு வெளியே தாங்களே பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, விளம்பரத்தில் மின்னும் பெயரா, கோர்ட் பதிவில் தெரியும் பெயரா? வக்கீல் விளம்பரம் செய்வதை பார் கவுன்சிலின் 36ஆம் விதியே தடுக்கிறது. "நம்பர் ஒன் வக்கீல்" என்ற பலகையை நம்பிப் போகாதீர்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எம்.எஸ். என்று தொடங்கி, எண்ணும் பதிவான ஆண்டும் வரும். இ-கோர்ட்ஸில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணால் தேடினால் அவருடைய வழக்குகள் வரும். ஒரே பெயரில் பலர் இருப்பதால் பெயரால் தேடினால் குழப்பம். உங்களுடையதைப் போன்ற வழக்கு அவரிடம் உண்டா, சாட்சி விசாரணைவரை நடத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். ஆஜராகாததால் தள்ளுபடி என்று ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, கட்சிக்காரரே வராமல் போயிருக்கலாம். வரிசையாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வக்கீல் வராமல் உங்கள்மேல் எக்ஸ்பார்ட்டி (உங்கள் தரப்பைக் கேட்காமலே வரும்) தீர்ப்பானால் அதை நீக்க மனு போட 30 நாள்தான் இருக்கிறது.

இலவச சட்ட உதவியையும் கணக்கில் எடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் உண்டு. கோர்ட் பீஸும் அதில் அடங்கும். தாலுகா சட்டப் பணிகள் குழுவிலோ 15100 எண்ணிலோ கேட்கலாம். குறை என்னவென்றால், பெரும்பாலும் வக்கீலை அவர்கள்தான் நியமிப்பார்கள். ஜீவனாம்சம் போன்ற வழக்குக்கு, கடன் வாங்கித் தனி வக்கீல் வைப்பதைவிட முதலில் இங்கே போவதே நல்லது.

எந்த முறையானாலும் வெற்று வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் படிவம்) கையெழுத்து வேண்டாம். தாக்கலான ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வக்கீலை மாற்ற அவருடைய ஆட்சேபணையின்மை ஒப்புதல் வேண்டும். தர மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு மாற்றலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அவர் தனியே வழக்குப் போட்டு வசூலிக்கட்டும், கட்டு உங்களுடையது.