ஆறு கிகாஹெர்ட்ஸின் விலை: ஐ9 14900கே எதிர் ரைசன் 7800எக்ஸ்3டி

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. இன்டெலின் கணினிச் செயலியான கோர் ஐ9 14900கே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி 5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆனால் அந்த 6, செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. சூடு 70 டிகிரியைத் தொட்டதும் அதுவும் கைநழுவிவிடும்.

செயலியின் மின்செலவு, வேகத்தோடு மட்டுமல்லாமல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் செலவு 33 சதவீதம் எகிறும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக இன்டெல் கொடுத்த விலை இதுதான்: உச்சத்தில் 253 வாட், வெப்ப வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் உச்சம் 162 வாட், வரம்பு 89 டிகிரி. கணினி விளையாட்டுகளில் அது 100 வாட்டைத் தாண்டுவதே அரிது.

253 என்பதும் காகிதத்தில்தான். பல மதர்போர்டுகளின் பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), வரம்பு இருக்கவேண்டிய கட்டத்தில் 4095 வாட் என்று இருந்தது. வரம்பே இல்லை என்பதன் நாகரிகமான வடிவம் அது! சில்லு தன் பங்குக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டது. அதிக அழுத்தமும் சூடும் சேர்ந்து, கடிகாரத் துடிப்பைக் கோர்களுக்குள் கொண்டுசெல்லும் சுற்றை முன்கூட்டியே முதுமையாக்கின. நேற்றுவரை போதுமாக இருந்த மின்னழுத்தம் இன்று போதாமல் போக, விளையாட்டு பாதியில் முறிந்து விழும். 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (சில்லுக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் இன்னொன்று வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீண்டது. கெட்டுப்போன சில்லை எந்த மைக்ரோகோடும் மீட்காது.

ஏஎம்டியும் உத்தமன் இல்லை. 2023 ஏப்ரலில், விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே, சில 7800எக்ஸ்3டி சில்லுகள் அடிப்பக்கம் உப்பி, அவை பொருந்தியிருந்த சாக்கெட்டோடு கருகின. நினைவகத்தை வேகப்படுத்தும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசி (நினைவகக் கட்டுப்பாடு போன்ற, கோர்களுக்கு வெளியே உள்ள பகுதிகள்) மின்னழுத்தத்தைத் தாராளமாக ஏற்றியதே பெரும் காரணம். 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு கட்டியபின் அடங்கியது. 7800எக்ஸ்3டியில் கோர்களின் தலைமேல், அடிக்கடி தேவைப்படும் தரவை அருகிலேயே வைத்திருக்கும் கேச் நினைவகத்தை அடுக்கியிருப்பதால் சூடு வெளியேற வழி குறைவு. அதனால்தான் வேகமும் குறைவு. அடுத்து வந்த 9800எக்ஸ்3டியில் கேச்சை அடியில் தள்ளியதும் 5.2 கிகாஹெர்ட்ஸ் கிடைத்தது.

விளையாட்டுக்கு என்றால் நான் யோசிக்காமல் 7800எக்ஸ்3டி என்பேன். 96 எம்பி கேச் முன்னால் 6 கிகாஹெர்ட்ஸ் பெரிதாகச் சாதிப்பதில்லை. வீடியோ, நிரல் தொகுப்பு போன்ற வேலைகளில் எட்டுக் கோர் 24 கோரை எட்டாது. அங்கே 14900கே சரி. பயாஸைப் புதுப்பித்து, 253 வாட் வரம்பைக் கட்டாயம் பூட்டிவிட்டு. பழையதாக 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ9 வாங்குகிறவர்கள், 2024 ஆகஸ்டுக்கு முன் அது எந்த அமைப்பில் ஓடியது என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.