ஐபோனின் டிரைவிங் ஃபோகஸ்: புதிதாக கார் ஓட்டும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் படியுங்கள்

மகள் லைசென்ஸ் வாங்கி, ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்கு வேலைக்குத் தானே காரில் போக ஆரம்பித்ததும், அவள் ஐபோனில் முதல் வேலையாக இந்த டிரைவிங் ஃபோகஸைப் போட்டுவைத்தோம். கார் ஓட்டும்போது மெசேஜ்கள் கவனத்தைக் கலைக்காதபடி போனை அடக்கிவைக்கிற வசதி இது. போனிலேயே இருக்கிறது, தனியாகக் காசு இல்லை. 2017இல் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 11உடன் வந்தது, 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது இந்தப் பெயரும் இன்னும் சில வசதிகளும் சேர்ந்தன. சில மாதங்களாக உபயோகித்துப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

பால்பண்ணையைத் தாண்டி அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று போகும் தஞ்சாவூர் ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். டவுன் பஸ் சட்டென்று ஓரம் கட்டும், பைக் எதிர்ப்பக்கமாக வரும், யாராவது குறுக்கே நடப்பார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நொடி குனிந்து மெசேஜ் பார்த்தால் ஐம்பது மீட்டர் பார்க்காமலே போயாயிற்று. பழகியவர்களுக்கு கிளட்ச்சும் கியரும் யோசிக்காமல் வரும். புதுசாக ஓட்டுகிற பிள்ளைக்கு அதற்கே பாதி கவனம் போய்விடும். மிச்சம் இருப்பதை போனுக்குப் பங்கு போட முடியாது.

செட்டிங்ஸில் ஃபோகஸ், அதற்குள் டிரைவிங். கார் நகர்வதை வைத்துத் தானாக ஆன் ஆகும்படி வைக்கலாம், கார் புளூடூத்தோடு இணைந்ததும் ஆன் ஆகும்படியும் வைக்கலாம். நான் சொல்வது இரண்டாவதை. முதல் வழியில் வைத்தால் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போதும் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆன் ஆகிவிடுகிறது. எங்களுடையது பழைய வேகன் ஆர்தான், ஆனாலும் புளூடூத் உள்ள ஸ்டீரியோ இருப்பதால் சாவி போட்டதும் போன் அடங்கிவிடுகிறது. மெசேஜ் வந்தால் சத்தமும் இல்லை, திரையில் வெளிச்சமும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தானாகப் போகும் பதில். யாருக்குப் போக வேண்டும் என்பதையும், என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதையும் நாமே வைக்கலாம். “கார் ஓட்டிட்டிருக்கேன், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்” என்று தமிழிலேயே போட்டிருக்கிறாள். அந்த ஒரு வரி போய்விட்டால் அனுப்பியவர் மறுபடி மறுபடி அனுப்புவதில்லை.

ஆனால் பெரிய குறையும் இதில்தான். சாதாரண மெசேஜுக்குத்தான் பதில் போகும், வாட்ஸ்அப்புக்குப் போகாது. நம் வீடுகளில் எல்லாமே வாட்ஸ்அப்தான். அவள் அப்பாயி அனுப்புகிற வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் அடுத்து வருவது கால். அதனால் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையும் சாயங்காலம் திரும்புகிற நேரத்திலும் பாப்பாவைக் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் நானே சொல்லிவைத்தேன்.

கால் விஷயத்தில் இந்த வசதியோடு எனக்கு உடன்பாடு இல்லை. கார் புளூடூத்தில் போன் இணைந்திருந்தால் கால் உள்ளே வந்துவிடும், ஸ்பீக்கரில் பேசலாம். சட்டமும் போனைக் கையில் பிடிப்பதைத்தான் தப்பு என்கிறது. ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கேஸ் புக் எங்கே என்று கேட்டு அவள் அம்மா கூப்பிட்டாள். கை ஸ்டீயரிங்கில், கண் ரோட்டில், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பேசி முடிக்கிற வரை வண்டி இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போனது. அந்த உறுமல் அவள் காதில் விழவே இல்லை. காதுக்குள் வந்த பேச்சு அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்பீக்கரிலும் பேச்சு கிடையாது. அடுத்தடுத்து இரண்டு தடவை கால் வந்தால் ஏதாவது பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டுப் பேசுவாள்.

மேப்புக்கு இதனால் தடங்கல் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து வழி பார்ப்பதற்கு மட்டும் போனை வைத்துக்கொள்ள விதியிலும் இடம் இருக்கிறது, கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனையோடு. போகிற இடத்தைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும், ஓட்டிக்கொண்டே டைப் அடிக்கக் கூடாது. பாட்டும் அப்படித்தான், வாசலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

இதைப் பிள்ளைகள் அணைக்க முடியாதபடி, ஐபோனில் கட்டுப்பாடுகள் வைக்கிற ஸ்க்ரீன் டைம் என்ற இடத்தில் பூட்டவும் வழி இருக்கிறது. நான் பூட்டவில்லை. சம்பாதிக்கிற பெண்ணின் போனுக்கு அப்பா பூட்டுப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் வேண்டும் என்று உட்கார்ந்து பேசினோம், அவளே வைத்துக்கொண்டாள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது வாட்ஸ்அப்புக்காக.