செயின்சா வாங்குகிறவர்கள் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்

குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் முறிக்கிற வேலை எனக்கு. போன ஜனவரியில் களியக்காவிளை தாண்டி, கேரளத்தில் ஒரு கடையில் 58 சிசி செயின்சா வாங்கினேன். செயின் சுற்றி ஓடுகிற பட்டை, அதாவது ‘பார்’, 22 இஞ்ச். மெஷின்மேல் ‘ஆன்டி வைப்ரேஷன்’ (அதிர்வுத் தடுப்பு) என்று ஸ்டிக்கர். “அண்ணாச்சி, நாள் முழுக்கப் பிடிச்சாலும் கை வலிக்காது” என்றார் கடைக்காரர். கைப்பிடியில் மெத்தென்று ரப்பர் சுற்றியிருந்தது. இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். நம்பிவிட்டேன்.

முறித்த ரப்பர் தடியை நாள் கணக்கில் போட்டுவைக்க முடியாது, பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். தடி ஏற்றப் பெரும்பாவூர் லாரி வந்து நின்றால் ஐந்தாறு மணி நேரம் மெஷின் கையில்தான். மூன்றாம் நாள் ராத்திரி சோறு பிசையும்போது விரல் நுனியில் சூடே தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் விடியற்காலை, குழாய்த் தண்ணீரில் முகம் கழுவும்போது இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துவிட்டன. கால் மணி நேரம் கழித்துச் சிவந்து, ஊசியாகக் குத்தியது. அதிர்வினால் விரலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்குகிறது, இப்படியே தொடர்ந்தால் திரும்பச் சரியாகாது என்றார் டாக்டர். பீடியையும் விடச் சொன்னார்.

கடையில் கேட்டதற்கு, செயின் மழுங்கியிருக்கும் என்றார்கள். மழுங்கிய செயினில் அதிர்வு கூடும், அது நிஜம். புதுச் செயின் மாட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை.

மார்த்தாண்டத்தில் பழக்கப்பட்ட மெக்கானிக் அண்ணன் கழற்றிக் காட்டினார். “மக்களே, இங்க பாரு.” நல்ல மெஷினில் கைப்பிடிச் சட்டம் தனி, எஞ்சினும் பாரும் தனி. நடுவில் ஸ்பிரிங்கோ ரப்பர் புஷ்ஷோ இருந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். இதில் புஷ் இருக்க வேண்டிய குழிகளில் கட்டி பிளாஸ்டிக். நகத்தால் அழுத்தினேன், பதியவே இல்லை. மேலே சுற்றிய மெத்தை கை வழுக்காமல் இருக்க மட்டும்தான்.

அவர் சொல்லிக் கொடுத்த சோதனை இது. மெஷினை ஓட விடாமல், பார் நுனியை ஒரு கட்டையில் ஊன்றி, இரண்டு கைப்பிடியையும் பிடித்து அழுத்தி ஆட்டுங்கள். எஞ்சினைவிட்டுக் கைப்பிடி கொஞ்சமாவது தனியாக அசைய வேண்டும். எல்லாம் ஒரே கட்டையாக அசைந்தால் வாங்காதீர்கள். கையேட்டில் முன், பின் கைப்பிடிகளுக்குத் தனித்தனியாக அதிர்வு எண் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் வேலையாளின் கைக்கு வருகிற அதிர்வின் 8 மணி நேரச் சராசரி 2.5 மீ/வி² தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. எனக்குக் கொடுத்த தாளில் எண்ணே கிடையாது. எடையும் பெரும்பாலும் பாரும் செயினும் பெட்ரோலும் இல்லாமல் போட்டிருப்பார்கள். எல்லாம் மாட்டி, டேங்க் நிரப்பித் தூக்கிப் பாருங்கள்.

மெஷினைத் திருப்பிக் கொண்டுபோனேன். “எஞ்சின் ஓடுதில்ல? வாரன்டி எஞ்சினுக்கு மட்டும்தான். கேஸ் போடணும்னா கேரளத்துல வந்து போடுங்க” என்றார் கடைக்காரர். இந்தப் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சொந்தப் பிழைப்புக்கு வாங்கிய மெஷினுக்கும் அது பொருந்தும். ஜிஎஸ்டி பில்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்குத் துண்டுச்சீட்டுதான் தந்தார்கள், ஜிபே-யில் பணம் கட்டிய பதிவு இருந்ததால் தப்பித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். சரியான பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன்.