எந்த நச்சுச் சோதனை கட்டுப்படியாகும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா பதினெட்டு வருடம் மருந்தடித்தார். வலது கையில் இரண்டு நகங்கள் வெளிறி, குறுக்கே கோடு விழுந்து, கடைசியில் கழன்றே போயின. மாலையில் கையுறையை அலசி வேலிக் கம்பியில் மாட்டுவார். நீலக் கறை மட்டும் போகாது. மறுநாளும் அதே கையுறைதான். அதனால் ரசாயனங்களை எந்த முறையில் சோதித்தால் கட்டுப்படியாகும் என்ற பேச்சு வந்தால், நான் முதலில் கட்டணத்தைப் பார்ப்பதில்லை. விடை வர எத்தனை காலமாகும், அதுவரை மருந்துப் பம்பைச் சுமப்பது யார் என்றுதான் பார்க்கிறேன்.

பழைய முறை எல்டி 50. சோதிக்கும் விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு எது என்பதே கணக்கு; 1927-ல் ட்ரெவன் என்ற ஆய்வாளர் கொண்டுவந்தது. 2002-ல், நாடுகளுக்குப் பொதுவான சோதனை விதிகளை வகுக்கும் ஓஇசிடி அமைப்பு அதன் பழைய வாய்வழி நடைமுறையை நீக்கி, மிகச் சில எலிகளோடு முடிகிற முறைகளை வைத்துக்கொண்டது. செலவு குறைந்தது. ஆனால் ஒரே தடவை உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. பாரகுவாட் என்ற களைக்கொல்லியையே பாருங்கள். பெரும்பாலும் எலியின் எல்டி 50-ஐ வைத்துப் பிரிக்கிற உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது ‘மிதமான அபாயம்’ உள்ள இரண்டாம் வகுப்பு. மனிதன் ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகலாம். நுரையீரல் செல்கள் அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், நாளுக்கு நாள் தழும்பேறும், முறிமருந்து கிடையாது. எலியில் எடுத்த எண் சரியாகவே இருக்கலாம். தினமும் பம்பு மாட்டுகிறவருக்கு அது பதில் சொல்லாது.

எரிச்சல் சோதனையில் அதிகம் அலச வேண்டியதில்லை. 1944 முதல் முயலின் கண்ணிலும் தோலிலும் போட்டுப் பார்த்தார்கள். இப்போது ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் படலம் இருக்கிறது. தோல் எரிச்சலுக்கு அதுவே போதும்.

மலிவுக்குப் பேர் போனது ஏம்ஸ் சோதனை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் வளரத் தெரியாத பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, மருந்தைச் சேர்த்து, இரண்டு நாள் கழித்து முளைத்த புள்ளிகளை எண்ணுவார்கள். புள்ளி கூடினால் மரபணு மாறுகிறது என்று அர்த்தம். முதல் சல்லடையாக இதற்கு ஈடில்லை. ஆனால் மரபணுவைத் தொடாமல் உறுப்பைக் கெடுக்கிற மருந்து இதில் சுலபமாகத் தப்பிவிடும்.

உண்மையான போட்டி நீண்ட காலப் பாதிப்பில்தான். ஒரு பக்கம் இரண்டு வருட எலிச் சோதனை: ஒரு குழுவுக்கு ஆண் 50, பெண் 50, மூன்று அளவு, ஒரு ஒப்பீட்டுக் குழு, மொத்தம் 400 எலிகள். அப்புறம் உறுப்பு உறுப்பாகத் திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மறுபக்கம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்வைக்கும் ஐந்து நாள் சோதனை: எலிகளுக்கு ஐந்து நாள் மருந்து கொடுத்து, எந்த அளவில் உறுப்புகளின் மரபணு இயக்கம் கூட்டமாக மாறத் தொடங்குகிறது என்று பார்ப்பது. முகமையின் கணக்கில், பழைய வழிக்கு, மதிப்பீட்டையும் சேர்த்து, எட்டு வருடத்துக்கு மேல், சுமார் 4 மில்லியன் டாலர். புதிய வழி ஒன்பது மாதத்துக்குள், சுமார் 2 லட்சம் டாலர்.

புதியதில் ஒரு பெரிய குறை உண்டு. என்ன நோய் வரும் என்று அது சொல்லாது. எந்த அளவுக்குக் கீழே இருந்தால் கவலை குறைவு என்று மட்டுமே சொல்லும். புற்றுநோயா, சிறுநீரகமா என்று தெரிய வேண்டுமானால் நீண்ட சோதனைதான். ஆனாலும் நான் ஐந்து நாள் பக்கம்தான். கையுறையை மாற்று, அடித்த வயலுக்குள் இத்தனை நாள் போகாதே என்று உத்தரவு போட நோயின் பெயர் வேண்டாம், ஓர் எண் போதும். தாமதத்தின் விலை இங்கே தெரிந்ததுதான்: மலேசியா 2002-ல் பாரகுவாட்டுக்குத் தடை அறிவித்து, 2006-ல் தளர்த்தி, 2020 ஜனவரி 1-ல்தான் முழுதாக மூடியது. அந்தத் தாமதத்துக்குச் சோதனை காரணமில்லை, உண்மைதான். ஆனால் நடுவில் போன வருடங்களைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

இன்னொன்று. நீண்ட காலச் சோதனைகள் பெரும்பாலும் ஒற்றை மூலப்பொருளுக்கே நடக்கின்றன. தோட்டத்தில் அப்படியா அடிக்கிறார்கள்? கிளைபோசேட், மெட்சல்புரோன் என்ற இரண்டு களைக்கொல்லிகளும் ஒரே பீப்பாயில் கலக்கும். பத்து மருந்து இருந்தால் இரண்டிரண்டாக 45 கலவை. பழைய வழியில் எல்லாவற்றையும் சோதிக்க 180 மில்லியன் டாலர், யாரும் செய்யப்போவதில்லை. ஐந்து நாள் வழியில் 9 மில்லியன். பீப்பாயைக் கோலால் கலக்கிக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி நின்றாரே அம்மா, அந்தக் கலவையைச் சோதிக்க வாய்ப்புள்ள வழி இது ஒன்றுதான்.